பல் இல்லாத ஒரு ரூபாய்

நம் வயதுக்காரர்கள் எல்லோருமே ஒரு தடவையாவது தண்டவாளத்தில் காசு வைத்திருப்போம். வீட்டுப் பக்கத்தில் ரயில் ஓடியவர்களைச் சொல்கிறேன். நான் வைத்தது ஒரு பத்துப் பைசா. ஒரே ஒரு தடவை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நீங்களும் என்னை நம்பமாட்டீர்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய தோல் பை வாசலை அடுத்த ஆணியில் தொங்கும். அதில் மூக்கை வைத்தால் வியர்வை, செம்பு, டிக்கெட் தாள் எல்லாம் கலந்து ஒரு வாசனை வரும். பையின் வாரில் ஒரு விசில் கட்டியிருக்கும். அதை நானும் தம்பியும் தொடக் கூடாது.

சந்தேகமான காசு எது வந்தாலும் எங்கள் சந்தில் அப்பாவிடம்தான் கொண்டு வருவார்கள். "அண்ணே, இது செல்லுமா பாருங்க." அப்பா காசைப் பார்க்கமாட்டார். கொடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலால் காசின் விளிம்பைச் சுற்றித் தடவுவார். செல்லும் என்பார், அல்லது செல்லாது என்பார். இரண்டாவது பேச்சு கிடையாது. கூட்ட நெரிசலில், மழையில், விளக்கில்லாத பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் காசு வாங்கிய விரல் அது.

பத்துப் பைசாவை நான் வைத்தது எதிர் வீட்டு அக்காவோடு போய். அலுமினியக் காசு, ஓரம் பூ மாதிரி வளைந்து வளைந்து இருக்குமே, அது. ரயில் போன பிறகு எடுத்தபோது கையில் சுட்டது. ஓரத்து வளைவெல்லாம் போய் ஒரு இலை மாதிரி நீண்டிருந்தது. சிங்கங்கள் இருந்த இடத்தில் ஒரு இழுவை மட்டும் இருந்தது, ஈரச் சாணியை யாரோ காலால் தேய்த்துவிட்டுப் போன மாதிரி. எதற்கு வைத்தேன் என்று இருந்தது. பென்சில் டப்பாவுக்குள் போட்டு மறந்துவிட்டேன்.

அந்தப் பங்குனியில் தம்பிக்கு அம்மை போட்டது. அவனுக்கு ஐந்து வயது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பு நின்றுபோனது. கடுகு வெடிக்கும் சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் விடியற்காலையில் அம்மா ஒரு ரூபாய்க் காசைக் கழுவி, மஞ்சள் தண்ணீரில் முக்கி, அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டில் முடிந்தாள். சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டாள். காசை ஆணியில் தொங்கிய பையிலிருந்துதான் எடுத்தாள். நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் வெளிச்சம் வரவில்லை. அவள் காசை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

முடிச்சு சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. தம்பிக்கு முத்துகள் காய்ந்து உதிர்ந்தன. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று காலை எல்லோரும் சமயபுரம் கிளம்பினோம். கிளம்பும்போது அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஒத்தை ரூபாயாப் போடக் கூடாதுங்க. ஒன்னேகாலா இருக்கணும். ஒரு நாலணா சேத்து முடிஞ்சுக்குறேன்."

அப்பாதான் முடிச்சை அவிழ்த்தார். காசு அவர் உள்ளங்கையில் விழுந்தது. கட்டைவிரல் தானாகவே விளிம்பைச் சுற்றிப் போனது. பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, அவர் குனிந்து காசைப் பார்த்தார்.

"இதென்ன கண்றாவி?"

அம்மா மஞ்சள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"விளிம்புல பல் இல்லே. பெருசா வேற இருக்கு. ஒரு பக்கம் நசுங்கி மொழுக்குன்னு கெடக்கு. இது ரயில் ஏறின காசு."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இங்க வா. ஆத்தா காசை எடுத்துட்டு இதை வச்சு முடிஞ்சிருக்கே. எங்க அந்த நல்ல ரூபா?"

"நான் எடுக்கலப்பா."

"தண்டவாளத்துக்குப் போனியா, இல்லையா?"

"போகலப்பா."

அது பொய். அப்பா என் பையை எடுத்து, பென்சில் டப்பாவைத் திறந்து தரையில் கொட்டினார். அழிரப்பர், மூக்குடைந்த பென்சில், அதோடு அந்தப் பத்துப் பைசா. சத்தமே இல்லாமல் விழுந்தது, அவ்வளவு லேசான காசு.

அப்பாவின் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த மாதம்தான் எங்கள் சந்துக்காரர் ஒருவர் தண்டவாளம் தாண்டும்போது அடிபட்டுப் போயிருந்தார். துணி போட்டு மூடியதை அப்பா பார்த்திருக்கிறார். பெண்பிள்ளை அங்கே போகிறாள் என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? இதை இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. அன்றைக்குக் கை வந்தது மட்டும்தான் தெரிந்தது. இடது காதோடு சேர்த்து விழுந்தது.

வலித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அப்பா விசிலை எடுத்து ஊதுகிறார் என்று நினைத்தேன். ஏன் வீட்டுக்குள் விசில் ஊதுகிறார் என்று பார்த்தேன். விசில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சமயபுரத்துக்கு வேறு ரூபாய் முடிந்துகொண்டு போனோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்தார்கள். கொள்ளிடம் பாலத்தில் காற்று அடித்தபோது காதுக்குள் ஏதோ குளிர்ந்தது. கோயிலில் மேளம் வலது பக்கம் மட்டும் அடித்தது. மேளக்காரர் இடது பக்கம் நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் எனக்கும் அம்மை. மறுபடியும் வேப்பிலை, மறுபடியும் தாளிப்பு இல்லாத சோறு. காதிலிருந்து சீழ் வந்தது. அம்மை வந்த வீட்டிலிருந்து டாக்டரிடம் போகக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். "காதுக்குள்ள முத்து போட்டிருக்கு, அதான் ஒழுகுது" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைப் பொறுக்கும் சூட்டில் ஊற்றினார்கள். ஒழுகுவது வைகாசிவரை நிற்கவில்லை. நின்றபோது அந்தப் பக்கம் எல்லாமே நின்றிருந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. காது எப்பலேர்ந்து இப்படி?" அப்பா என்னைப் பார்த்தார். முதல் நாள் ராத்திரி அம்மா அவரிடம், "ஆத்தா வந்துட்டுப் போனதுலன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அவ மேல பழி போடக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். அப்பா, "பிறவியிலேயே அப்படிங்க டீச்சர்" என்றார்.

ஆத்தா மேல் போட முடியாது. அப்பா மேல் போட முடியாது. பிறவி மேல் போட்டார்கள். டீச்சர் என்னை முதல் பெஞ்சில் இடது கோடியில் உட்காரவைத்தார். பத்தாவது வரை அதே இடம். பத்தாவதோடு படிப்பும் நின்றது. சொல்லிச் சொல்லிப் பழகி, வீட்டில் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். யாராவது கேட்டால் நானும் பிறவி என்றே சொல்வேன். சுருக்கமான பதில். மேலே யாரும் கேட்கமாட்டார்கள்.

பெண் பார்க்க வந்தவர்களை என் வலது பக்கம் உட்காரவைத்தார்கள். மூன்றாவதாக வந்தவர்களில் ஒரு அம்மா எழுந்து இடது பக்கம் வந்து பிரியமாக ஏதோ கேட்டிருக்கிறார். நான் தரையைப் பார்த்தபடி இருந்தேனாம். அதற்குப் பிறகு அதிகம் பேர் வரவில்லை. அம்மாவின் தையல் மெஷின் எனக்கு வந்தது. ஜாக்கெட் தைக்கிறேன். மெஷின் சத்தத்துக்கு ஒரு காது போதும்.

அந்த ரூபாயை அன்றைக்கு அப்பா மூலையில் எறிந்தார். அம்மா அதை எடுத்து மெஷின் டிராயரில், கொக்கிகளோடும் பாபின்களோடும் போட்டுவைத்தாள். செலவழிக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. மெஷினோடு சேர்ந்து அதுவும் என்னிடம் வந்தது. ஜாக்கெட் கழுத்தில் சின்னச் சின்ன வளைவு கேட்பார்கள் அல்லவா, அதற்கு அந்தக் காசைத் துணியில் வைத்துச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுவேன். மற்ற ரூபாய்களைவிட அது ஒரு நூல் அகலம். வளைவு நன்றாக வரும்.

அம்மா கடைசியாகப் படுத்திருந்த மாதத்தில் ஒரு நாள், அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது முடியும்போதே கோணலாத்தான்டி இருந்துச்சு."

எது என்று நான் கேட்கவில்லை. "ஏம்மா சொல்லலே?" என்றேன்.

"எப்புடிச் சொல்றது? செல்லாக் காசைப் போயி ஆத்தாளுக்கு முடிஞ்சேன்னா? புள்ள அப்பத்தான் எந்திரிச்சு உக்காந்திருக்கான். ஒங்கப்பா என்னைய என்ன நெனைப்பாரு?" பிறகு, "ஒனக்கு அடிதானே, ஆறிடும்னு நெனைச்சேன்" என்றாள்.

ஒரு கை முடிந்திருந்தது. மற்ற கையை நீட்டினாள். அதையும் வெட்டி முடித்தேன்.

போன வருஷம் வரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காசை நான் மாற்றவில்லை, அது அப்பாவின் பையிலேயே இருந்தது. எப்படி அப்படி ஆனது என்று தெரியாது. யாரோ தண்டவாளத்தில் வைத்து, பிறகு பஸ்ஸில் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

என்னிடம் ஜாக்கெட் தைக்க ஒரு மேடம் வருவார். திருவானைக்காவலில் வீடு. பேங்கில் கேஷியராக இருந்து ரிடையர் ஆனவர். பழைய காசு சேர்ப்பவர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அளவு கொடுக்க வந்தவர், மேஜையில் இருந்த அந்த ரூபாயைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, இது எங்க கிடைச்சுது?"

"வீட்லதாங்க. ரயில் ஏறினது."

"யார் சொன்னா?"

"எங்கப்பா. கண்டக்டரா இருந்தாரு."

அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். ஜன்னல் பக்கம் போய்க் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "வாரத்துக்குப் பத்துப் பேரு போன்ல படம் அனுப்புறான், மேடம் இது லட்சம் போகுமான்னு. பூரா சுத்தியல்ல அடிச்சது, அரத்துல தேச்சது, அடுப்புல சுட்டது. ஒருத்தன் நடுவுல ஆணி அடிச்சு ஓட்டை போட்டிருக்கான், ஓட்டையோட பிறந்த காசுங்கிறான்." சிரித்துக்கொண்டே பேசியவர் சட்டென்று நிறுத்தி என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். "இங்க பாரு. நீ ரயில் ஏறின காசு பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன். பத்துப் பைசா."

"சிங்கம் எப்படி இருந்துச்சு அதுல?"

"இழுத்து விட்ட மாதிரி. ஒண்ணும் தெரியாது."

"அதுதான். சக்கரம் ஏறினா எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிடும். இதுல சிங்கத்தோட பிடரியைப் பாரு."

லென்ஸில் பார்த்தேன். பிடரி முடி தனித்தனியாகத் தெரிந்தது. எழுத்துகள் கூர்மையாக இருந்தன. ஆனால் சிங்கம் நடுவில் இல்லை. ஒரு ஓரத்துக்கு விலகி, அதில் கொஞ்சம் காசுக்கு வெளியே போய்விட்டது. எதிர் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வெற்றிடம். திருப்பிக் காட்டினார். அந்தப் பக்கம் கதிரும் அதே அளவு விலகியிருந்தது. அங்கேயும் அதே இடத்தில் பிறை.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா விலகியிருக்கு பாத்தியா? அச்சு கீழ இறங்கும்போது தகடு சரியா உக்காரலே. காசு அடிக்கும்போது சுத்தி ஒரு வளையம் பிடிச்சிருக்கும். அதுதான் விளிம்புக்குப் பல்லு வைக்கிறது. வளையத்துக்குள்ள உக்காரலேன்னா பல்லு வராது. பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாததால கொஞ்சம் பரந்துடும்."

பல் இல்லை. பெரிதாக இருக்கிறது. ஒரு பக்கம் மொழுக்கென்று இருக்கிறது. அப்பா பார்த்தது எல்லாமே சரி. சொன்னது ஒன்றுதான் தப்பு.

"எடை போட்டுப் பாத்தா தெரியாதுங்களா?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டும் போல இருந்தது.

"தேச்சிருந்தா, வெட்டியிருந்தா தெரியும். ரயில் ஏறினாலும் எடை அப்படியேதானே இருக்கும்? இதுக்கு எடை சாட்சி சொல்லாதும்மா. உருவத்தைத்தான் பாக்கணும்." காசை என் உள்ளங்கையில் வைத்தார். "இது அடிக்கும்போதே வந்த பிழை. அடிபட்டு வந்தது இல்லே."

"இது செல்லுங்களா?"

"செல்லாம என்ன? அரசாங்கம் அடிச்சு அனுப்பின முழு ரூபாதானே?"

அம்மா போய் அதற்குள் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மேடம் கொஞ்சம் தயங்கி, "குடுக்கறதா இருந்தா எங்கிட்ட குடு. நியாயமா என்ன விலையோ தரேன்" என்றார். கழுத்து வளைவுக்கு அது வேண்டும் என்று சொன்னேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, முதுகில் வைக்கும் கொக்கியை முன்னால் வைக்கச் சொல்லிப் போனார்.

அப்பா இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் பார்வை குறைவு, இரண்டு காதும் மந்தம். அன்று சாயங்காலம் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, காசை அவர் கையில் வைத்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் காசைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் விளிம்பைச் சுற்றி வந்தது. ஒரு சுற்று. பாதியிலேயே நின்றது.

"பல் இல்லே. ரயில் ஏறினது. எவன் குடுத்தான்?"

"பஸ்ல வந்ததுப்பா. உங்க பையிலேர்ந்து."

"ஆங்?"

வலது காதருகே போய்ச் சத்தமாகச் சொன்னேன். "ரயில் ஏறலப்பா. இது பிழை. அடிக்கும்போதே பிழை."

"பிழையா?" என்றார். "கண்டக்டர் பிழைதான். அவன்தான் பாத்து வாங்கணும். இறங்கறதுக்குள்ள அந்த ஆள் கையிலேயே திருப்பிக் குடுத்திருக்கணும்." காசை என்னிடம் நீட்டினார். "வச்சுக்காதே. செல்லாது."

அவருக்கு அந்தப் பங்குனி ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. காபி டம்ளரைக் கழுவினேன். காசைப் பழையபடி டிராயரில் போட்டேன்.

பத்து நாள் கழித்துத் தில்லை நகரில் ஒரு காது கிளினிக்குக்குப் போனோம். தம்பி கத்தாரிலிருந்து பணம் அனுப்பி, அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கச் சொல்லியிருந்தான். "அப்படியே நீயும் காட்டிக்கக்கா" என்றும் சொல்லியிருந்தான். பஸ்ஸில் எனக்குக் காசு வாங்கவில்லை, பெண்களுக்கு இலவசம். அப்பா தன் டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிளினிக்கில் ஒரு சின்னப் பெண் ஃபாரம் வைத்துக்கொண்டு கேட்டாள். முதலில் அப்பாவுக்கு. "ஐயாவுக்கு வயசாலதான்" என்று எழுதிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பிறவியிலேர்ந்தா, இடையில வந்ததாம்மா?"

அப்பாவுக்கு அது கேட்டிருக்க முடியாது. ஆனால் அவள் என்னைப் பார்த்ததையும் வாய் அசைந்ததையும் பார்த்துவிட்டார். நாற்பது வருஷமாக அவர் பதில் சொல்லிவந்த கேள்வி.

"அவளுக்குப் பிறவியிலேயே அப்படிம்மா."

அந்தப் பெண் பேனாவை ஃபாரத்துக்குக் கொண்டுபோனாள்.

"இல்லீங்க" என்றேன். "இடையில வந்தது. ஒம்பது வயசுல."

"காய்ச்சலா? அம்மை ஏதாவது?"

"அம்மையும் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே."

"எதனால?"

"அடி."

"கீழ விழுந்துட்டீங்களா?"

"இல்லே."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் பஸ் டிக்கெட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து எழுதினாள். சின்னச் சொல்தான், சீக்கிரம் முடிந்துவிட்டது.

அப்பா என் தோளைத் தொட்டார். "என்னவாம்?"

அவர் காதருகே குனிந்தேன். "எப்பலேர்ந்துன்னு கேக்குறாங்கப்பா."

"பிறவியிலேயேன்னு சொல்லு."

"சொல்லிட்டேன்பா."

அப்பா சரி என்று தலையாட்டினார். உள்ளே கூப்பிட்டார்கள். அவர் கையைப் பிடித்து எழுப்பினேன்.